ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்

தெருவில் அவருக்கு வாக்குறுதி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ஓட்டுச் சாவடியில் மட்டும் வெளியே வரும். மற்றபடி பால்காரர் முதல் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் அவர் வாக்குறுதிதான். "வாக்குறுதி வீட்ல இருக்காரா?" என்று விசாரித்து வருகிறவர்கள் சிரிக்கக்கூட மாட்டார்கள். அவ்வளவு பழகிவிட்டது.

வேலை பேருந்து நிலையத்தில். மாடியில் கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மைக், ஒரு நாற்காலி. கீழே வண்டிகள் வந்து போவதைப் பார்த்துப் பார்த்து அறிவிக்க வேண்டும். வந்த வண்டியை அறிவிக்க யாராலும் முடியும். வராத வண்டியை "இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று அறிவிப்பதில்தான் அவருடைய திறமை இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு ஒரு குரல் அமைந்துவிட்டது. கேட்கிறவன் தோளில் இருக்கும் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, சரி, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுகிற குரல். அரசியல்காரர்களுக்கு இது எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. ஜனங்களை உட்கார்ந்து காத்திருக்க வைக்கிற குரலைவிட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவர்கள் தெரு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் இருப்பவை வீடுகளும் சுடுகாடும்தான். செத்தவர்களுக்கு மட்டும் கேட் தொல்லை கிடையாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கேட்காரருக்கே தெரியாது. சரக்கு ரயில்கள் அந்த இடத்துக்கு வந்ததும், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல நின்றுவிடும். முன்னால் சிக்னல் கிடைக்க வேண்டும். பிள்ளைகள் புத்தகப் பையோடு பெட்டிகளுக்கு அடியில் குனிந்து போவார்கள். சைக்கிளைக்கூடப் படுக்கப் போட்டு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. குனிய முடியாதவர்கள் நிற்பார்கள்.

அந்த இடத்தில் மேம்பாலம் வரும் என்று வாக்குறுதி கல்யாணம் ஆகாத பையனாக இருந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, வேட்பாளர்களின் தொப்பையும் வழுக்கையும் மாறின. சொன்ன வாய் மட்டும் மாறவில்லை. அது இவருடைய வாய். எல்லாக் கட்சிக்கும் பிரசார ஒலிபெருக்கியில் இவர்தான் பேசினார். ஜெயித்தவனை ஜனங்களால் பிடிக்க முடியவில்லை. அவன் காருக்குள் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடுகிறான். அதனால் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த இவரைப் பிடித்துக்கொண்டார்கள். "யோவ் வாக்குறுதி, எங்கய்யா பாலம்?" என்று கேட் முன்னால் நிற்கிறவர்கள் இவரைப் பார்த்துக் கத்துவார்கள். அம்பை எய்தவன் எங்கேயோ இருக்க, அம்பை நொந்து என்ன பயன் என்று இவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் பாலம் வரும் என்று உண்மையிலேயே நம்பிய ஒரே ஆள் அவர்தான். அவர் குரலைக் கேட்டு ஊரார் ஓரளவு நம்பினார்கள். அவரோ முழுசாக நம்பினார். தன் வாயால் அத்தனை அழகாகச் சொன்ன ஒன்று எப்படி நடக்காமல் போகும் என்பது அவர் எண்ணம். மனுஷனின் கிறுக்குத்தனத்துக்கு அளவேது.

நம்பியே ஆக வேண்டிய கட்டாயமும் அவருக்கு வந்தது. மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன.

அவள் ஆடைக் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவளாக இருந்தாள். "இந்த ஊர்ல பாதிப் பேர் கழுத்து என் கையிலதான்" என்று பெருமை அடித்துக்கொள்வாள். வாயாடி. எந்தத் துக்கத்திலும் ஒரு கேலியைக் கண்டுபிடித்துவிடுவாள். புருஷன் வீட்டிலும் பஸ் ஸ்டாண்டு குரலில் பேசினால் பொறுக்காது. "ஏங்க, உப்பு வேணும்னா உப்பு குடுன்னு கேளுங்க. பயணிகளின் கவனத்திற்குன்னு ஆரம்பிக்காதீங்க" என்பாள். இப்போது உப்பையும் நிறுத்தியாகிவிட்டது. தண்ணீருக்கும் அளவு. ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு முழு நாளையும் ஓட்ட வேண்டும். தாகம் தாங்காதபோது சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

வாரத்தில் குறித்த நாட்களில் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். மெஷின்கள் குறைவு, ஆட்கள் அதிகம். நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த அடுத்தவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வெளியே பெஞ்சில் காத்திருப்பார். ஆக, அவள் பிழைப்பதும் பிழைக்காததும் கேட் திறந்திருப்பதைப் பொறுத்தது என்று ஆகிப்போனது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஒவ்வொரு தடவையும் விடியற்காலையிலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்பார். ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே போய் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படியும் சில நாள் கேட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் எக்கோவும் வருவார். கடைத்தெருவில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொல்லுவார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா, இருக்கீங்களா? வக்கீல் நிக்கிறாரு. நீங்கதான் பேசணும்னு சொல்லிட்டாரு, சொல்லிட்டாரு."

கடைத்தெரு இரைச்சலில் பதிவு செய்ய முடியாது. அதனால் எப்போதும் வாக்குறுதி வீட்டு உள்ளறையில்தான் நடக்கும். எக்கோ மைக்கையும் ஒரு சின்ன ரெக்கார்டரையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஜன்னலைச் சாத்தி, இருக்கிற போர்வைகளை எல்லாம் சுவரில் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாக்குறுதி பனியனோடு உட்கார்ந்து வியர்க்க வியர்க்கப் பேசுவார். ரெக்கார்டர் பொத்தானை அமுக்குவது மனைவி. தொலைவில் ரயில் சத்தம் கேட்டால் கையைத் தூக்குவதும் அவள்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர் பெயரையும் சின்னத்தையும் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். வாக்குறுதிகளை அதில் சேர்க்காமல் தனியாகப் பேசி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பொதுப் பகுதி என்று பெயர். சாலை, குடிநீர், வேலை, மேம்பாலம் எல்லாம் பொதுப் பகுதியில் வரும். பெயரை அப்புறம் எக்கோ தன் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வார். வேட்பாளர் கடைசி நேரத்தில் மாறினாலும் வாக்குறுதி வீணாகாது.

அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி வரிக்கு வந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, நெஞ்சிலிருந்து குரலை எடுத்தார்.

"வெற்றி பெற்ற மறுநாளே, ரயில்வே கேட் இருக்கும் இடத்தில் மேம்பாலம் கட்டும் பணி தொடங்கும்! இது வெறும் பேச்சு அல்ல, சத்தியம்!"

சத்தியம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பு மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் இறங்கும். அடக்கப் பார்த்தால் கடைசியில் ஒரு விக்கலில் போய் முடியும். அன்றைக்கும் அந்த விக்கலோடுதான் முடிந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"சத்தியம்னு சொல்லும்போது உங்க மூஞ்சியப் பாக்கணுமே. நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இப்படி வெச்சுக்கல."

"நீ சிரிக்கிற, எனக்கு வயிறு எரியுது. பாலம் வந்தா யாருக்கு நல்லது? உனக்குத்தானே?"

"தெரியுங்க. அதான் சிரிக்கிறேன். அழுதா உடம்புல இருக்கிற தண்ணி கொஞ்சம் குறையுமான்னு நர்ஸ் அக்காகிட்ட கேட்டுப் பாத்தேன். குறையாதாம். அப்புறம் எதுக்கு அழணும்?"

அவர் மைக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டார். மறுபடியும் பேசினார், மறுபடியும் சிரித்தாள். கடைசியில் போர்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடவைதான் சுத்தமாக வந்தது. எக்கோ வந்ததும், "கடைசியா பேசினத எடுத்துக்கங்க, முன்னாடி இருக்கிறதெல்லாம் ஆகாது" என்று சொல்லி வாக்குறுதி ரெக்கார்டரைக் கொடுத்தார்.

இந்த முறை அவர் ஒரு காரியம் செய்தார். இத்தனை வருஷம் செய்யாதது. எக்கோவிடம், "வக்கீல நான் நேர்ல பாக்கணும்" என்றார். ஆச்சரியம், வக்கீலே வீட்டுக்கு வந்தார். ஓட்டுக் கேட்கிற காலத்தில் இதெல்லாம் நடக்கும். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த காகிதம், பின்னால் நாலு பேர். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கி, பாதி குடித்துவிட்டு மீதியை ஜன்னல் மேட்டில் வைத்தார். வாக்குறுதி மனைவியின் நிலைமையைச் சொன்னார். சொல்லும்போது பஸ் ஸ்டாண்டு குரல் வரவில்லை; அவருடைய சொந்தக் குரல் வந்தது. அது அவ்வளவு நன்றாக இல்லை, நடுங்கியது.

வக்கீல் எழுந்து அவள் பக்கம் வந்து கும்பிட்டார். "அக்கா, எங்க அம்மா மேல ஆணையா சொல்றேன். அடுத்த தேர்தலுக்கு நீங்க பாலத்து மேலதான் போவீங்க."

"நேரா மேல போயிடாம இருந்தா சரி தம்பி" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். அவள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் மேட்டில் அவர் மிச்சம் வைத்திருந்த அரை டம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, "நல்ல மனுஷன்" என்றார் வாக்குறுதி. "பாதித் தண்ணிய வீணாக்கிட்டுப் போறாரு" என்றாள் அவள்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. சாவடியும் அந்தப் பக்கம்தான், பள்ளிக்கூடத்தில். முதல் நாள்தான் அவளுக்கு டயாலிசிஸ் ஆகியிருந்தது, எழுந்து நிற்கத் தெம்பில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஆட்டோக்காரரும் தலையைச் சொறிந்தார்.

"எதுக்கு அண்ணி இந்தச் சிரமம்? எவன் வந்தா நமக்கென்ன? ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன, நான் ஆட்டோதான் ஓட்டப் போறேன்."

"தம்பி, ஓட்டுப் போடலைன்னா நாம செத்துட்டோம்னு நெனச்சுக்குவானுங்க. இருக்கோம்னு காட்டணும்ல."

வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாருக்குப் போட்டாள் என்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை. "நீங்க மட்டும் மைக்குல சொல்லுவீங்க, நான் ஒரு ரகசியம் வெச்சுக்கக் கூடாதா?" என்றாள். திரும்பும்போது கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. ஆட்டோவுக்குள்ளிருந்து மை விரலை நீட்டி ரயிலுக்குக் காட்டினாள். ரயில் மரியாதை தெரியாதது; நகரவில்லை.

வக்கீல் ஜெயித்தார். வாக்குறுதி தெருவெல்லாம் இனிப்புக் கொடுக்காத குறை. மறுநாளே பணி தொடங்கும் என்ற வரியை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, அவரும்கூட. ஆனால் சில மாதங்களில் நிஜமாகவே ஆட்கள் வந்தார்கள். மூன்று காலில் நிற்கும் கருவியை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். கேட்டுக்கு இரண்டு பக்கமும் சிவப்புச் சாயம் பூசிய இரும்புக் கம்பிகளை நட்டார்கள். அன்றைக்கு வாக்குறுதி வேலைக்குப் போகாமல் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார். "பாத்தியா?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். அவளும் அன்றைக்குக் கேலி பேசவில்லை. ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு சரி. ஆட்கள் திரும்பி வரவில்லை. கம்பிகள் நின்றன. இந்தப் பக்கக் கம்பியில் யாரோ துணி காயப்போடக் கயிறு கட்டினார்கள். போகப்போக வாக்குறுதி வீட்டுத் துணியும் அதில் காய்ந்தது. "உங்க பாலம் நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றாள் அவள். வாக்குறுதி வக்கீலைப் பார்க்கப் போனார். பார்க்க முடியவில்லை. வாசலில் இருந்த உதவியாளர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். பாலம் விஷயம் மேலே போயிருக்கிறது, நகர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் சற்று நேரத்தில் முடிவு வந்துவிடும் என்றார். இன்னும் சற்று நேரத்தில். தன் சொந்தச் சரக்கைத் தன்னிடமே விற்கிறார்கள் என்று வாக்குறுதிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு டயாலிசிஸ் நாள், மழை தூறிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் கிளம்பினார்கள். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. அவளுக்கு முதல் நாளிலிருந்தே முகம் வீங்கியிருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பிள்ளைகள் பெட்டிக்கு அடியில் குனிந்து போனார்கள்.

"நான் தூக்கிக்கிட்டு அடியில போயிடறேன்" என்றார் வாக்குறுதி.

"பேசாம உக்காருங்க. உங்களால மூட்டையக்கூடத் தூக்க முடியாது."

ஆட்டோக்காரர் இறங்கிப் போய்க் கேட்காரரிடம் சண்டை போட்டார். கேட்காரர் பாவம், கையை விரித்தார். ரயில் நின்றால் அவர் என்ன செய்வார்? அவரும் யாருக்கோ கீழே வேலை செய்கிறவர்தானே. மழை வலுத்தது. ஆட்டோவின் பக்கத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மூச்சு இழுத்தது.

"ஏங்க, உங்க பஸ் ஸ்டாண்டு குரல்ல ஒரு அறிவிப்புக் குடுங்க. ரயில் கெளம்பட்டும்."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"குடுங்கன்னா."

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்கும் வண்டி, இன்னும் சற்று நேரத்தில்..." அதற்கு மேல் வரவில்லை. அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். ரயில் ரொம்ப நேரம் கழித்துத்தான் நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் மெஷினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அன்றைக்கு மெஷின் எதுவும் காலியில்லை. நர்ஸ் கெட்டவள் அல்ல. கண் கலங்கத்தான் சொன்னாள். "நாளைக்குக் காலைல முதல் ஆளா வந்துருங்கக்கா. நான் மெஷின யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்." மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அன்று மாலையே மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது. படுக்க முடியவில்லை, மெஷின் காலையில்தானே என்று உட்கார்ந்தே இரவை ஓட்டினாள். தண்ணீர் கேட்டாள். அளவைப் பார்க்காமல் கொடுத்தார். குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான் தண்ணி தண்ணி மாதிரி இருக்கு" என்றாள்.

விடியுமுன் ஆட்டோவில் ஏற்றினார்கள். கேட் திறந்தே இருந்தது. அவ்வளவு சுலபமாக அவர்கள் அந்தக் கேட்டை ஒருநாளும் தாண்டியதில்லை. ஆட்டோக்காரர் வண்டியைப் பறக்கவிட்டார். நர்ஸ் சொன்னபடியே மெஷினைக் காலியாக வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். ஆனால் இவள் வழியிலேயே போய்விட்டாள். தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டி குலுங்கியதல்லவா, அப்போதா, அதற்கு முன்பேயா என்று வாக்குறுதிக்குத் தெரியவில்லை. அவள் தலை அவர் தோளில் இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனார். மைக்கைத் திறந்தார். வண்டி வரவில்லை. "இன்னும் சற்று நேரத்தில்" என்று சொல்ல வாய் வரவில்லை. "வண்டி தாமதம். எப்போது வரும் என்று தெரியாது" என்று சொன்னார். அடுத்த வண்டிக்கும் அப்படியே சொன்னார். நாலு நாளில் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். பயணிகள் புகார் கொடுத்திருந்தார்கள். ஒரு அம்மா நேரிலேயே வந்து சத்தம் போட்டாள். "ஏதாச்சும் ஒரு நேரத்தச் சொன்னா நிம்மதியா உக்காந்திருப்போம்ல? தெரியாது தெரியாதுன்னா நாங்க என்ன பண்றது?" அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாக்குறுதி மறுபடியும் பழையபடியே சொல்ல ஆரம்பித்தார். பொய்தான் வேண்டும் என்று ஊரே கேட்கும்போது ஒருத்தர் மட்டும் உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுபடியும் தேர்தல் வந்தது. வக்கீல் கட்சி மாறி, வேறு தொகுதிக்குப் போய்விட்டார். அங்கே என்ன பாலமோ. இங்கே செங்கல் சூளைக்காரர் நின்றார். "இவர்கிட்ட செங்கலாவது இருக்கு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எக்கோ போன் செய்தார்.

"அண்ணே, அண்ணி விஷயம் கேள்விப்பட்டு ரொம்ப வருத்தம், வருத்தம். இந்தத் தடவையும் நீங்கதான்..."

"வேணாங்க. நான் பேசலை. முக்கியமா அந்தப் பாலத்து வரிய என் வாயால இனிமே சொல்ல மாட்டேன்."

வாழ்க்கையில் அவர் எடுத்த ஒரே அரசியல் முடிவு அதுதான். சொன்னதும் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது. தன்னால் நிறுத்த முடிகிற ஒன்றையாவது நிறுத்திவிட்டோம் என்று நினைத்தார்.

"நீங்க சொல்ல வேணாங்கண்ணே" என்றார் எக்கோ, ரொம்ப ஆறுதலாக. "போன தடவ சொன்னது அப்படியே இருக்கு, இருக்கு. ஒட்டி முடிச்சதுல வக்கீல் பேரும் சேந்து வருது. ஆனா உங்க ரெக்கார்டர்ல இருந்து ஏத்தின முழுசும் கம்ப்யூட்டர்ல கெடக்கு. அதுல முதல்ல பேசியிருக்கீங்களே, அத எடுத்துக்கிட்டேன். அதுலதான் உணர்ச்சி ஜாஸ்தி, ஜாஸ்தி. சும்மா உங்க காதுல போட்டு வெக்கலாம்னுதான்."

அவர் போனை வைத்துவிட்டார். அவர் மாட்டேன் என்று சொன்னதற்கும் சரி என்று சொன்னதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது புரிந்தது. ஓட்டும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, காலையில் வேலைக்குப் போகும்போது கேட் மூடியிருந்தது. சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றார். முன்னால் சரக்கு ரயில். பக்கத்தில் அவருடைய ஆட்டோக்காரர், சவாரியோடு. பின்னாலிருந்து பிரசார வண்டி வந்து நின்றது. செங்கல் சூளைக்காரரின் பெயரை யாரோ ஒருவன் கத்தினான். அதன் முடிவில் வாக்குறுதியின் குரல் ஏறி வந்தது. சாலை, குடிநீர், வேலை. தன் குரல்தான், ஆனால் யாரோ செத்துப்போன ஒரு முட்டாளின் குரலைக் கேட்பதுபோல நின்றார்.

"...மேம்பாலம் கட்டும் பணி தொடங்கும்! இது வெறும் பேச்சு அல்ல, சத்தியம்!"

அப்புறம் ஒரு சிரிப்பு. மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் இறங்கி ஒரு விக்கலில் முடிந்தது.

கேட்டில் நின்ற ஜனங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஆயிரம் கொரகொரப்பு வரும். ஆட்டோக்காரர் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு வாக்குறுதியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வாக்குறுதி சைக்கிளை உருட்டிக்கொண்டு பிரசார வண்டிக்கு அருகே போனார். உள்ளே கட்சித் துண்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அத இன்னொரு தடவை போடுங்க."

"எதண்ணே, பாலமா?"

"ஆமா. பாலம்."

துண்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. போட்டார். அவள் சிரித்தாள். "இன்னொரு தடவை" என்றார் வாக்குறுதி. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. துண்டுக்காரர் உருகிப்போனார். "நம்ம தலைவர் மேல ஜனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை பாரு" என்று டிரைவரிடம் சொன்னார்.

கேட் திறந்தது. எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். பிரசார வண்டி போகவில்லை. இந்தப் பக்கத் தெருக்களில் இன்னும் பேசி முடிக்கவில்லை, திரும்பியது. வாக்குறுதியும் சைக்கிளைத் திருப்பினார். பேருந்து நிலையத்தில் வராத வண்டிகள் தம் பாட்டுக்கு வராமல் இருக்கட்டும். வண்டிக்குப் பின்னாலேயே மிதித்தார். "வாக்குறுதி கட்சியில சேந்துட்டாருப்பா" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள்.

எக்கோவிடம் கேட்டால் அந்தச் சிரிப்பைத் தனியே எடுத்துக் கொடுத்துவிடுவார். அது அவருக்குத் தெரியும். ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் கேட்கிற சிரிப்பா அது? இங்கே அவள் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய சத்தியத்தின் முகத்துக்கு நேரே, ஒலிபெருக்கி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருக்கோம்னு காட்டணும்ல.

வண்டி சிவப்புக் கம்பியைத் தாண்டியது. கயிற்றில் யார் வீட்டுத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் அவருக்குச் சட்டென்று ஒரு பயம் வந்தது. இந்தச் செங்கல் சூளைக்காரர் ஜெயித்து, என்ன நினைத்துக்கொண்டோ பாலத்தைக் கட்டிவிட்டால்? பாலம் வந்துவிட்டால் அப்புறம் இந்த வரி யாருக்கும் வேண்டாம். அடுத்த தேர்தலில் போட மாட்டார்கள்.

முப்பது வருஷம் பாலம் பாலம் என்று உயிரை விட்ட மனுஷன், மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே, பாலம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்ட மறுகணமே இது கட்டாயம் பலிக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.